உங்கள் மனசு உட்காரும் கோயிலைக் கண்டுபிடிப்பது எப்படி?

போன தை மாதம் சென்னையிலிருந்து வந்திருந்த என் அக்கா மகளைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போனேன். ராஜராஜன் திருவாசலைத் தாண்டியதும் கருவறைமேல் எழும் விமானத்தை அண்ணாந்து பார்த்தாள், நாலைந்து படம் எடுத்தாள். கால் மணி நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து, "பெரிசாத்தான் இருக்கு மாமா. ஆனா எனக்கு ஒண்ணுமே தோணலையே, தப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

தப்பில்லைம்மா என்றேன். திரும்பும் வழியில் பசுபதிகோயில் என்ற ஊரில் வண்டியை நிறுத்தி, புள்ளமங்கை ஆலந்துறைநாதர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துச் சின்னக் கோயில். அதிட்டானத்தில், அதாவது அடிப்பீடத்தில், உள்ளங்கைக்குள் அடங்குகிற சிற்பங்கள் வரிசையாக இருக்கும். அவற்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவள் ஒரு மணி நேரம் நகரவில்லை. குடைக்குக் கீழே எருமைத் தலைமேல் நிற்கும் துர்க்கையிடம் வந்தபோது கண் கலங்கிவிட்டாள். சாமி கும்பிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கை தானாகக் கூப்பியது.

காலையில் இருந்த அதே பெண், அதே பக்தி. மாறியது கட்டடம். அவளைப் போலப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வழியை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்து நெசவுக் குடும்பம். 31 வருடமாகப் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறேன். கட்டத்தாளில் பென்சிலால் கட்டம் நிரப்பி, அதைப் பார்த்து அட்டை குத்தி, தறியில் பூவேலை விழவைக்கும் ஜக்கார்டில் ஏற்றுவது என் வேலை. இப்போது கம்ப்யூட்டரில் போடுகிறோம், ஆனாலும் முதல் கோட்டை நான் தாளில்தான் இழுக்கிறேன். சிற்ப சாஸ்திரம் படித்தவனில்லை. கோயிலை வைத்தே எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று கற்றுக்கொண்டவன்.

உங்கள் ஊர்க் கோயிலிலிருந்து தொடங்குங்கள்

பெயர் பெற்ற கோயிலுக்கு முதலில் போகாதீர்கள். படத்தில் பார்த்ததைத்தான் அங்கே தேடுவீர்கள். நூறு முறை போய்வந்த உங்கள் தெருக்கோடிக் கோயிலுக்குப் போங்கள். செல்போனை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். திருவிழா நாள், பிரதோஷம் வேண்டாம். எங்கள் ஊர் சரபேசுவரர் சந்நிதியில் ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில் காலை வைக்க இடமிருக்காது. அன்றைக்கு வந்தால் கட்டடம் உங்களிடம் பேசாது. செவ்வாய், புதன் போல ஒரு சாதாரண நாளில், சாயங்காலம் நடை திறந்த கையோடு போங்கள்.

போனதும் எதையும் பார்க்க முயலாதீர்கள். காலைக் கவனியுங்கள்.

எங்கள் கம்பகரேசுவரர் கோயிலை வைத்தே சொல்கிறேன். மூன்றாம் குலோத்துங்கன் கட்டியது, 800 வருடப் பழசு. கோபுர வாசலில் காலைத் தூக்கி வைத்துத்தான் உள்ளே போக முடியும், தலை தானாகக் குனியும். தெருவிலிருந்து வந்த வேகம் அங்கேயே பாதி போய்விடும். உள்ளே பிரகாரத்துக் கருங்கல் மாலை நாலரைக்கும் சுடும், நாம் தாவித் தாவி நடப்போம். கொடிமரம், பலிபீடம், நந்தி தாண்டி மண்டபப் படி ஏறினால் உள்ளங்காலில் சில்லென்று ஒரு குளிர்ச்சி. சூட்டில் நடந்துவந்த கால், அந்தக் குளிர்ச்சியில் ஒரு நொடி நின்றுவிடும். நிற்க வைப்பது அந்தக் கல்தான். அதற்குமேல் வெளிச்சம் தூணுக்குத் தூண் குறையும். எண்ணெய்ப் பிசுக்கு, வாடிய பூ, திருநீறு, வௌவால் எல்லாம் கலந்த அந்த வாசனை வரும். கூரை தாழும், வழி குறுகும், பக்கத்தில் நடந்தவர் பின்னால் வருவார். அர்த்தமண்டபத்துக்கு முன்னால் நிற்கும்போது இருட்டுக்குள் ஒரு விளக்கு மட்டும் இருக்கும். கண் பழகச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் நம்மால் வேறெதுவும் செய்ய முடியாது, அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டு நிற்போம். பிறகுதான் லிங்கத்தின் நெற்றியில் பட்டை தெரியும், மாலை தெரியும்.

இந்த ஊர் மூலவருக்கு நடுக்கந்தீர்த்த நாயகர் என்று பெயர். சின்ன வயதில் ஏன் இப்படி ஒரு பெயர் என்று அப்பாவைக் கேட்டிருக்கிறேன். கதை சொன்னார். கதையைவிட, அந்த இடத்தில் நின்று மூச்சு தணிவதை உணர்ந்தபோதுதான் பெயர் எனக்குப் புரிந்தது.

அடுத்தது முக்கியம். கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் எங்காவது உட்காருங்கள். சிவன் கோயிலில் சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். யோசிக்காமல், கால் போன இடத்தில் உட்காருங்கள். உட்கார்ந்த பிறகு எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று பாருங்கள். தூணில் முதுகு சாய்த்தா? பிரகாரத்தின் வெட்டவெளியிலா? குளப்படியிலா? வில்வ மரத்தடியிலா? நாலு கோயிலில் இப்படிப் பார்த்தால் உங்கள் உடம்பு எதைத் தேடுகிறது என்று தெரிந்துவிடும். என் உடம்பு எப்போதும் மண்டபத்தின் ஓரத்தூணுக்குப் போகும். பாதி இருட்டு, பாதி வெளிச்சம். என் அக்கா மகள் சுவருக்கு மிக நெருக்கமாக, தொடுகிற தூரத்தில் உட்காருகிறாள். தஞ்சையில் அவளுக்கு ஒன்றும் தோன்றாததற்குக் காரணம் அதிலேயே இருக்கிறது. அந்தச் சுவர் அவளைவிட்டு வெகு உயரத்துக்குப் போய்விட்டது.

இரண்டு இரண்டாகப் பாருங்கள்

ஒரு கோயிலை மட்டும் பார்த்தால் "நன்றாக இருக்கிறது" என்பதற்குமேல் சொல்ல வார்த்தை வராது. இரண்டை ஒரே நாளில் பார்த்தால் வந்துவிடும். சேலைக் கடையிலும் இப்படித்தான், ஒரு சேலையை மட்டும் விரித்தால் யாருக்கும் முடிவு சொல்லத் தெரியாது.

காலையில் கங்கைகொண்ட சோழபுரம், மாலையில் தஞ்சாவூர். அணைக்கரை வழியாகக் கொள்ளிடம் தாண்டி விடிகாலையிலேயே போய்விடுங்கள். 1010-இல் அப்பா ராஜராஜன் முடித்தது தஞ்சை, 216 அடி, 13 நிலை. அடியிலிருந்து உச்சி வரை நேர்க்கோடாக, சற்றும் தளராமல் ஏறும். மகன் ராஜேந்திரன் எடுப்பித்த விமானம் அதைவிடத் தாழ்ந்தது, ஏறக்குறைய 180 அடி. ஆனால் அது நேராக ஏறாது. மேலே போகப் போக உள்வாங்கி வளையும். புல்தரையில் நின்று இந்த வளைவைக் கண்ணாலேயே கீழிருந்து மேலே தடவிப் பாருங்கள். பிறகு தஞ்சைக்கு வந்து அதையே செய்யுங்கள். ஒன்றில் முதுகு நிமிரும், இன்னொன்றில் தோள் தளரும். உங்களுக்கு எது பிடிக்கிறது? சரியான விடை என்று ஒன்றும் கிடையாது. எனக்கு வளைவுதான் பிடிக்கும். என் அப்பா கடைசி வரை தஞ்சைதான் என்றார்.

தஞ்சை விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு, மாலை ஐந்து மணிக்கு நந்திப் பக்கம் போய் நில்லுங்கள். நீங்கள் நிற்பதே அந்த நிழலில்தான். பொய்யான பெருமை அந்தக் கோயிலுக்குத் தேவையில்லை. பக்கத்தில் கருங்கல் மலையே இல்லாத ஊரில் இவ்வளவு கருங்கல்லைக் கொண்டுவந்து குவித்தார்களே, அது போதாதா? அப்புறம் மேற்குத் திருச்சுற்றுக்குப் போங்கள். சாயும் வெயிலில் கல் முழுவதும் தேன் நிறத்துக்கு வரும். தஞ்சை எனக்குத் திறந்துகொண்டது அந்த இடத்தில்தான், அதுவும் ஐந்தாவது முறை போனபோது.

அடுத்த இணை திருவரங்கமும் திருவானைக்காவும். இரண்டும் ஒரே தீவில், கூப்பிடு தூரத்தில். திருவரங்கத்தில் 236 அடி ராஜகோபுரம் 1987-இல்தான் முடிந்தது. அதிலிருந்து ஏழு திருச்சுற்று கடந்து உள்ளே போகப் போகக் கோபுரங்கள் சிறுத்துக்கொண்டே வரும். கடையும் வீடும் சந்தடியும் ஒவ்வொரு மதிலிலும் கழன்று விழும். கடைசியில் படுத்திருப்பவனைப் பார்க்கும்போது வெளியே பார்த்த பிரம்மாண்டம் ஒன்றும் நினைவில் இருக்காது. திருவானைக்காவில் வேறு மாதிரி. ஒன்பது துளையுள்ள கல் சாளரத்தின் வழியே எட்டிப் பார்க்க வேண்டும். அப்பு லிங்கம், அதாவது நீர் லிங்கம், நீர் ஊறும் கருவறை. வியர்வை வழிய, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். சிலருக்கு அந்தப் புழுக்கத்தில்தான் கடவுள் மிக அருகில் வருகிறார். சிலருக்கு வெளியே ஓடிவிடலாம் போல இருக்கும். இரண்டையும் ஒளிக்காமல் ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள்.

ஏறிப் போவது பிடிக்குமா என்று பார்க்க, உயர்ந்த மேடைமேல் கட்டிய மாடக்கோயில்கள் இருக்கின்றன. கோச்செங்கட் சோழன் இப்படிப் பல கோயில் கட்டினான் என்பார்கள். பெருங்கோயில் எழுபத்தெட்டு என்று அப்பர் பாடியிருக்கிறார். பாபநாசத்துப் பக்கம் நல்லூரில் ஏறிப் பாருங்கள். சுவாமிமலையின் 60 படி இன்னொரு அனுபவம், தமிழ் வருடம் 60-க்கும் ஒவ்வொரு படி. என் வருடத்துப் படி எது என்று எண்ணிக்கொண்டே குழந்தைகள் ஏறுவார்கள். தண்ணீர் பிடிக்குமா என்று பார்க்கத் திருவாரூர் கமலாலயக் கரை. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று சொல்வழக்கு (வேலி பழைய நில அளவு). அங்கே கட்டடத்துக்குச் சரிசமமாக ஒரு வெறுமையையும் கட்டி வைத்திருக்கிறார்கள்.

காதுக்குத் திருவையாறு. தெற்குப் பிரகாரத்தில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டால் ஏழு முறை திரும்பி வரும் என்பார்கள். கூட்டமில்லாத நேரத்தில் போனால்தான் அது கேட்கும்.

ஒரே ஒரு தூண்

இப்படி நாலு இடம் பார்த்த பிறகு, ஒரே ஒரு தூணை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கோயிலையும் படிக்க முயன்றால் மலைத்துப் போவீர்கள். தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் கை போன்ற உறுப்புக்குப் போதிகை என்று பெயர். அலை அலையாக மடிந்திருந்தால் பல்லவர் அல்லது முற்சோழர் பாணி. சாய்வாக வெட்டி நடுவில் ஒரு முனை நீண்டிருந்தால் சோழர் காலத்து வெட்டுப் போதிகை. வாழைப்பூ கவிழ்ந்து தொங்குவது போல் இருந்தால் விஜயநகர, நாயக்கர் காலம். இந்த மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். ஒரு கோயிலுக்குள் நடக்கும்போதே எந்த மண்டபம் எப்போது சேர்ந்தது என்று ஓரளவு பிடிபட்டுவிடும். அதைவிட, உங்களுக்கு வெட்டுப் போதிகையின் கண்டிப்பு பிடிக்கிறதா, வாழைப்பூவின் அலங்காரம் பிடிக்கிறதா என்பதும் தெரியும்.

தாராசுரத்துக்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். இரண்டாம் ராஜராஜன் கட்டியது. குதிரை இழுக்கும் சக்கரத்தோடு தேர் போன்ற மண்டபம் எல்லோரும் பார்ப்பது. நீங்கள் அறுபத்துமூவர் கதை செதுக்கிய சின்னஞ்சிறு சிற்ப வரிசையைத் தேடுங்கள். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கும் சிற்பத்தைக் கண்டுபிடித்து, கையால் ஒரு பாதியை மறைத்துப் பாருங்கள். பிறகு மறுபாதியை.

என் ரசனை எப்படித் திருந்தியது என்று இங்கே சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் நான் தனியாகப் போட்ட முதல் கரை அது. யாளி, அன்னம், மாங்காய், ருத்ராட்சம் எல்லாம் உண்டு. கோயிலில் பார்த்த அத்தனையும் எனக்குப் பிடித்திருந்தது, அத்தனையும் வைத்துவிட்டேன். நெய்து இறக்கிய சேலையை அப்பா திண்ணையில் விரித்து வெகுநேரம் பார்த்தார். "கண்ணு உட்கார இடமே இல்லையேடா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் எங்கள் கோயில் விமானத்துச் சுவரை முதல் முறையாக வேறு கண்ணோடு பார்த்தேன். ஒரு கோஷ்டம், அதாவது சுவர் மாடம், அதற்குள் சாமி, மேலே மகரதோரணம் என்கிற வளைவு அலங்காரம். அது முடிந்ததும் வெறும் சுவர். பிறகு ஓர் அரைத்தூண். மறுபடி வெறும் சுவர். அந்த வெற்றுக் கல்லில் உளித் தடம் தவிர ஒன்றுமில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் கோஷ்டத்துச் சாமி நம் கண்ணுக்கு வந்து நிற்காது. செதுக்கத் தெரிந்தவன், வேண்டுமென்றே செதுக்காமல் விட்ட இடம். வீட்டுக்கு வந்து பழைய கட்டத்தாளை எடுத்தேன். யாளியை அழித்தேன், அன்னத்தை அழித்தேன். இரண்டு ருத்ராட்ச வரி, நடுவில் நாலு விரல் வெற்றுக் கரை, உடல் பக்கம் கோபுர முனை. அந்தக் கரை இன்றைக்கும் தறியில் ஓடுகிறது.

வெளிச்சத்தைக் கவனியுங்கள்

மனசு உட்காராததற்குப் பல நேரம் காரணம் நீங்களோ பழைய கட்டடமோ இல்லை, பிற்பாடு சேர்த்த வெளிச்சம். பக்கத்து ஊரில் ஒரு சின்னக் கோயில். கருவறை வாசலிலேயே பளீரென்று குழல் விளக்கு, தரையில் வழுக்கும் டைல்ஸ், தூணுக்கெல்லாம் எனாமல் பெயின்ட், மணியடிக்கும் மின்சார முரசு. அக்கறையோடு செய்தவர்கள்தான், ஆனால் எனக்கு அங்கே ஒருபோதும் கும்பிடத் தோன்றியதில்லை. ஓர் ஐப்பசி மாலை, மழை, தீபாராதனை நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. முரசு நின்றது. விளக்குகள் அணைந்தன. கையில் கற்பூரத் தட்டோடு குருக்கள் இருந்தார், அவ்வளவுதான். அந்தச் சுடரில் அம்மனின் மூக்குத்தி மட்டும் மினுங்கியது. வெளியே ஓட்டில் மழை விழும் சத்தம். இருபது பேர் நின்றிருந்தோம், ஒருவரும் பேசவில்லை. அருகில் இருந்த கிழவி "தாயே" என்றாள், அதுகூடக் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

ஆகையால் ஒரு கோயில் உங்களுக்கு ஒட்டவில்லை என்று முடிவு கட்டும் முன், வேறொரு நேரத்தில் போங்கள். விடிகாலை விசுவரூப நேரம், ராத்திரி அர்த்தஜாமம், மழை நாள். கும்பகோணம் நாகேசுவரன் கோயிலில் சித்திரை 11, 12, 13 தேதிகளில் காலைச் சூரியன் வாசல் வழியாக வந்து லிங்கத்தின் மேல் விழும். எப்போது எவ்வளவு வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டியவர்கள் அவர்கள்.

பிற மதத்தார் கட்டடத்துக்கும் போங்கள்

நம் கோயிலின் இருட்டு எதற்கென்று எனக்கு வேளாங்கண்ணியில்தான் முழுதாக விளங்கியது. அங்கே வெள்ளைச் சுவர், கூரான வளைவுகள், உள்ளே நுழைந்ததும் கண் மேலே போகும். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஒரே திசையைப் பார்க்கிறார்கள், சேர்ந்து பாடுகிறார்கள். நம் கருவறை ஆளுக்கொரு நிமிடம் தனியாகத் தருவது, அது எல்லோருக்கும் சேர்த்துத் தருவது. வெளியே மணல் பாதையில் முழங்காலிட்டு நகர்ந்து போகிறவர்களைப் பாருங்கள். அங்கேயும் உடம்புதான் முதலில் கும்பிடுகிறது.

நாகூர் தர்காவில் ஐந்து மினாரா. 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங். உள்ளே அடுத்தடுத்து வாசல்களைக் கடந்து போகும்போது நம் பிரகாரங்களில் நடக்கிற மாதிரியே எனக்கு இருந்தது. சாம்பிராணிப் புகை, தணிந்த குரல்கள். தரங்கம்பாடியில் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இவை எல்லாவற்றுக்கும் எதிர்முனை. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். வெள்ளைச் சுவர், மர பெஞ்சு. அலங்காரமே இல்லாமல் ஒரு மனிதனை அடக்கமாக உட்கார வைக்க முடியும் என்று அங்கே பார்த்தேன். அதிகம் நேரம் வேண்டாம், பத்து நிமிடம் பின்வரிசையில் உட்கார்ந்தால் போதும்.

வீட்டுக்குக் கொண்டுவருவது

நோட்டில் பத்துப் பதினைந்து இடங்கள் சேர்ந்ததும் வரிசையாகப் படியுங்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். "குளுமை", "உயரம்", "நெருக்கம்", "தண்ணீர்" என்று ஏதோ ஒன்று. அந்தச் சொல்லுக்குப் பொருந்துகிற கோயிலை மாதம் ஒருமுறை, அதே நேரத்தில், போய்ப் பாருங்கள். பெரிய தலமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

வீட்டுப் பூசை இடத்திலும் அது உதவும். உங்களுக்குப் பாதி இருட்டு பிடிக்கும் என்றால் சீரியல் லைட்டைக் கழற்றிவிட்டு நல்லெண்ணெய் விளக்கு ஒன்றை மட்டும் ஏற்றுங்கள். நெருக்கம் பிடிக்கும் என்றால் நிறையப் படம் மாட்டாமல் ஒரு சின்ன விக்கிரகத்தைக் கண் மட்டத்துக்கு, உட்கார்ந்தால் கைக்கு எட்டுகிற மாதிரி வையுங்கள்.

அக்கா மகள் இந்த ஆறு மாதத்தில் மூன்று முறை புள்ளமங்கைக்கு வந்துவிட்டாள். அவள் நோட்டில் "கையளவு" என்ற சொல் ஏழு இடத்தில் இருக்கிறது. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். முகூர்த்தச் சேலைக்குக் கரை போடச் சொல்லி, "பெரிய கோபுரம் வேண்டாம் மாமா" என்றாள். அரக்கு உடல், முந்தியில் மட்டும் கட்டைவிரல் அகலத்தில் ஒரு பூதகண வரி. பன்னிரண்டு பூதம், ஒவ்வொன்றும் வேறு முகம். நேற்று ராத்திரி ஒன்பதாவதை வரைந்து முடித்தேன். அது மத்தளம் வாசிக்கிறது.